றம்பொடையிற் பிறந்த குரல்: ருக்மணி தேவியும் நமது விமர்சன அளவுகோல்களும்

1

கண்டியிலிருந்து பேராதனை, கம்பளை, புசல்லாவை ஊடாக நுவரெலியாவுக்குச் செல்லும் பாதையில் றம்பொடை என்னும் ஊர் உளது. நீர்வீழ்ச்சியாலும் தேயிலைத் தோட்டங்களாலும் அறியப்பட்ட அவ்வூரில் 1923 ஆம் ஆண்டு சனவரி 15 ஆம் திகதி டெய்சி இராசம்மா டானியல்ஸ் என்னும் பெண் பிறந்தார். சிங்களத் திரைப்படத்தின் முதற் கதாநாயகியாகவும், நான்கு தசாப்த காலம் சிங்கள இசையுலகின் முதன்மையான பெண்குரல்களுள் ஒன்றாகவும் விளங்கிய ருக்மணி தேவி அவரே.

பேராதனைக்கு அண்மையிற் பிறந்த இக்கலைஞரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகச் சிலவே. 'ருக்மணி தேவி' என்றதும் நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருபவர் சென்னைக் கலாசேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் ஆவார். சாஸ்திரிய நடனத்துக்குப் புதிய சமூக மதிப்பைத் தேடித்தந்த அவரை நாம் அறிந்திருக்கிறோம். கொட்டகையிலும் இசைத்தட்டிலும் பாடிய இவரை அறியாதிருக்கிறோம். இவ்வறியாமையைத் தற்செயலானதென நாம் கருதவில்லை. எதனைக் கலையென ஏற்பது, எதனை விலக்குவது என்பது பற்றி நம்மிடையே நிலைபெற்றுவிட்ட கருத்தோட்டத்தின் விளைவே அது. ருக்மணி தேவியின் கலைவாழ்வை முன்வைத்து அக்கருத்தோட்டத்தை மறுபரிசீலனை செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

முதலில் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. றம்பொடையிற் பிறந்தவர், 'இராசம்மா' என்னும் பெயரைத் தாங்கியவர் என்ற காரணங்களைக் கொண்டு அவரை 'மறைக்கப்பட்ட மலையகத் தமிழ்க் கலைஞர்' என உரிமை கொண்டாடும் ஆவல் நமக்கு எழக்கூடும். அவ்வாறு கூறுவது வரலாற்றுக்கு இசைவானதன்று. அவர் பிறந்தது கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில். தென்னிந்திய வணிகர் வழிவந்த அச்சமூகம் ஐரோப்பியர் ஆட்சிக் காலத்திற் கிறிஸ்தவத்தையும், பின்னர் ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் பெருமளவிற் தழுவிக்கொண்டது. தேயிலை மலைகளிற் குடியேற்றப்பட்ட தொழிலாளரின் வரலாறு வேறு. இச்சமூகத்தின் வரலாறு வேறு. அத்துடன், குழந்தைப் பருவத்திலேயே அவருடைய குடும்பம் கொழும்புக்கு இடம்பெயர்ந்துவிட்டது. எனவே மலைநாடு அவருடைய பிறப்பிடம். அவருடைய கலையின் விளைநிலம் கொழும்பும் நீர்கொழும்புமே.

அவ்வாறாயின் பிறப்பிடத்தை ஏன் குறிப்பிட வேண்டும்? ஒரு கலைஞரை எந்த இனத்தின் கணக்கிற் சேர்ப்பது என்ற வினாவே இங்கு பயனற்றதாகிவிடுவதாலேயே குறிப்பிடுகின்றோம். தமிழ்ப் பெயரும், கிறிஸ்தவ மதமும், மலைநாட்டுப் பிறப்பும், நகர வளர்ப்பும், சிங்களப் பாட்டும் ஒரே வாழ்வில் ஒன்றுசேர்ந்தன. இவற்றுள் ஒன்றை மாத்திரம் பிரித்தெடுத்து 'இதுவே அவர்' என்போர் ஏனையவற்றை மறைக்க வேண்டியவராவர். சிங்களத் தேசிய வரலாற்றாசிரியர் செய்யக்கூடிய பிழையை நாம் தமிழிற் திரும்பச் செய்யலாகாது.

3

ருக்மணி தேவி சிறுவயதிலேயே மேடையேறியவர். இராமாயண நாடகத்திற் சீதையாகத் தோன்றிப் பாடியமை அவரைப் பலரறியச் செய்தது. அவர் பயின்ற மேடை நூர்த்தி மரபின் மேடையாகும். இம்மரபின் தோற்றத்தை இங்கு சுருக்கமாக நோக்குவது பொருந்தும்.

1877 இல் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் கம்பனியொன்று கொழும்புக்கு வந்து நாடகங்களை நடத்தியது. திரைச்சீலைகளும், ஆர்மோனிய இசையும், வசனத்தினிடையே வரும் பாடல்களும் கொண்ட அப்புதிய வடிவம் சிங்களத்தில் நூர்த்தி ஆயிற்று. ஜோன் த சில்வா இந்தியாவிலிருந்து இசையாசிரியரை வரவழைத்து இதனை வளர்த்தார். 1911 இல் மருதானையிற் திறக்கப்பட்ட ரவர் மண்டபம் இதன் தலைமைப் பீடமாயிற்று. இதே பார்சி அரங்கு தமிழகத்தில் வேறொரு கிளையை ஈன்றது. சங்கரதாஸ் சுவாமிகளின் இசை நாடகங்கள் அதன் உயர்ந்த பேறு. ஜோன் த சில்வாவும் சங்கரதாஸ் சுவாமிகளும் 1922 என்ற ஒரே ஆண்டிலேயே மறைந்தனர். அக்கிளையே கடல் கடந்து யாழ்ப்பாணத்தில் வேரூன்றி, பிற்காலத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்துவைத் தந்தது. ஆகவே ருக்மணி தேவி சீதையாகப் பாடிய மேடையும் வைரமுத்து அரிச்சந்திரனாகப் பாடிய மேடையும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. மொழி வேறாயினும், இராகத்தை ஒட்டி உணர்ச்சியை நீட்டும் முறையும், பாத்திரத்தைக் குரலால் நிறுவும் முறையும் இரண்டுக்கும் பொதுவானவை.

மேடையின் அடுத்த கட்டம் இசைத்தட்டு. 1930களின் இறுதியில் எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் இணைந்து அவர் பாடிய 'சிறி புத்தகயா விகாரே' பெரும் புகழ் ஈட்டியது. தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு கிறிஸ்தவ இளம்பெண்ணின் குரலில், பௌத்தரின் புனிதத் தலமான புத்தகயா பற்றிய பாடலைச் சிங்களப் பௌத்த இல்லங்கள் கேட்டு மகிழ்ந்தன. இது விதிவிலக்கன்று. சேலத்திற் பிறந்து இலங்கைக்கு வந்த முஸ்லிமான முகைதீன் பேக் பௌத்த பக்திப் பாடல்களின் தனிப்பெருங் குரலானார். தென்னிந்தியாவிலிருந்து வந்த ஆர். முத்துசாமி சிங்களத் திரையிசையின் முக்கிய இசையமைப்பாளரானார். இதனை 'இன ஒற்றுமை' என்ற இனிய சொல்லால் விளக்கிவிடுவது எளிது. ஆயின் இசைத்தட்டுக் கம்பனி ஒற்றுமையை நாடிப் பாடகரைத் தேடவில்லை. விற்பனையாகும் குரலையே தேடியது. சந்தை இனத்தையும் மதத்தையும் பொருட்படுத்தாத அந்த இடைவெளியிலேயே இக்கலைஞர்கள் நுழைந்தனர். அவ்வாறு நுழைந்தோர் தம் உழைப்பால் ஒரு மக்கட் கூட்டத்தின் உணர்ச்சி மொழியையே உருவாக்கினர் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய முரண்.

4

1947 சனவரி 21 ஆம் திகதி கொட்டாஞ்சேனைக் கிங்ஸ்லி தியேட்டரில் 'கடவுணு பொறொந்துவ' திரையிடப்பட்டது. 'உடைந்த வாக்குறுதி' என்பது அதன் பொருள். இதுவே முதலாவது சிங்களப் பேசும்படம். மினர்வா நாடகக் குழு ஏற்கெனவே மேடையேற்றி வெற்றி கண்ட, பீ. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் நாடகமே படமாகியது. ருக்மணி தேவியின் கணவரான எடி ஜயமான்ன இந்நாடகாசிரியரின் தம்பியும் குழுவின் நகைச்சுவை நடிகருமாவார். படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். நெறியாண்டவர் இந்தியரான ஜோதிஷ் சிங். படம்பிடிக்கப்பட்ட இடம் மதுரையிலிருந்த சித்ரகலா மூவிடோன் ஸ்ரூடியோ. நாயகம் பின்னர் கந்தானையில் நிறுவிய ஸ்ரூடியோவுக்கு 'ஸ்ரீ முருகன் நவகலா' என்றே பெயரிட்டார். அதே 1947 இல் வெளிவந்த இரண்டாவது படமான 'அசோகமாலா'வும் தமிழகத்து ஸ்ரூடியோவிலேயே உருவாகியது.

இவ்வாறு, சிங்களச் சினிமா பிறந்தபோது அதன் மூலதனத்திலும் தொழில்நுட்பத்திலும் தமிழர் பங்கு கணிசமாக இருந்தது. அதன் முதற் கதாநாயகியின் குடும்பமும் தென்னிந்திய வழிவந்ததே. இத்தகவல்களைப் பெருமைக்குரிய பட்டியலாக நாம் தரவில்லை. காலப் பின்னணியோடு வைத்து நோக்குமிடத்தே இவற்றின் பொருள் தெளிவாகும். படம் வெளியாகி ஓராண்டில், 1948 பெப்ரவரியில், நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. றம்பொடையையும் புசல்லாவையையும் சூழ்ந்த தோட்டங்களிற் கொழுந்து பறித்த பெண்களின் வாக்குரிமையும் அடுத்து வந்த சட்டத்தோடு பறிபோயிற்று. தென்னிந்திய வழிவந்த குரலொன்றைத் திரையில் வரவேற்ற சமுதாயத்தின் அரசு, தென்னிந்திய வழிவந்த உழைப்பாளரைக் குடிகளாக ஏற்க மறுத்தது. குரல் வேண்டும், கையின் உழைப்பும் வேண்டும், அவற்றை உடைய மனிதருக்கு உரிமை வேண்டியதில்லை. ருக்மணி தேவிக்கும் கொழுந்து பறித்த பெண்ணுக்கும் வர்க்க நிலையில் பெரும் வேறுபாடு இருந்தது. ஆயினும் 'உடைந்த வாக்குறுதி' என்னும் அப்படத் தலைப்பு அக்கால அரசியலுக்கும் பொருந்தி நிற்பதை மறுப்பதற்கில்லை.

5

1956 இலங்கைக் கலை வரலாற்றில் ஒரு திருப்புமுனை. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' அவ்வாண்டில் மக்கள் பார்வைக்கு வந்தது. தென்னிந்திய ஸ்ரூடியோச் சுவர்களை விட்டுக் கிராமத்தின் வெயிலிற் கமராவை வைத்த படம் அது. அதே ஆண்டிற் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டிலேயே.

பீரிஸையும் சரச்சந்திரவையும் அச்சட்டத்தின் துணைவர்களாகக் காட்டுவது பெரும் அநீதியாகும். இருவரும் குறுகிய இனவாதத்துக்கு அப்பாற்பட்டவர்கள். சிங்கள நாடகம மரபின் தென்னிந்திய மூலத்தைச் சரச்சந்திரவே தம் ஆய்விற் சுட்டிக்காட்டியிருக்கிறார். ஜயமான்ன வகைப் படங்கள் மீது புதிய விமர்சகர் கூறிய குறைகளும் பெரும்பாலும் உண்மையானவை. மேடையையே படம்பிடித்த அசைவற்ற காட்சிகள், விதியாற் தீர்க்கப்படும் ஏழை பணக்காரச் சிக்கல், வேலைக்காரனைக் கேலிப்பொருளாக்கும் நகைச்சுவை, கற்பின் சோதனையாகவே வகுக்கப்பட்ட பெண்வாழ்வு ஆகியன முற்போக்கான எந்தப் பார்வைக்கும் ஏற்புடையனவல்ல. ஆயின் விமர்சனம் பரவியபோது ஒரு நுட்பமான இடப்பெயர்ச்சி நிகழ்ந்தது. 'இப்படங்கள் போலியானவை' என்ற கூற்று 'இப்படங்கள் தென்னிந்தியத்தனமானவை' என்ற கூற்றாக மாறியது. அழகியற் குறையொன்று அந்நியத்தன்மையின் குறையாகப் பெயர் பெற்றது. 'சுதேசியம்' என்பதே தரத்தின் மறுபெயராகியது.

நாமும் இதற்கு விலக்கானவரல்லர். பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் கூத்து மரபைப் புத்துயிர்ப்பித்தார். 1962 இல் 'கர்ணன் போர்', 1964 இல் 'இராவணேசன்' என அம்முயற்சி தொடர்ந்தது. நாட்டுப்புற மக்களின் கலையைப் பல்கலைக்கழகம் மதித்து ஏற்ற அச்செயலின் சிறப்பை எவரும் குறைக்கவியலாது. எனினும் ஒரே வளாகத்தில், ஒரே தசாப்த இடைவெளியில், இரு மொழியினரும் ஒரே வகையான தேர்வைச் செய்தனர் என்பது கவனத்துக்குரியது. சிங்களப் புலமையாளர் நூர்த்தியைத் தாண்டி நாடகமவுக்குச் சென்றனர். தமிழ்ப் புலமையாளர் இசை நாடகத்தைத் தாண்டிக் கூத்துக்குச் சென்றனர். இரு சாராரும் தாண்டிச் சென்றது ஒரே பொருளை: பார்சி அரங்கு ஈன்ற, நகரத்து, வணிக, கலப்புக் கலையை. கிராமத்தவரின் கலை 'மரபு' எனப்பட்டது. உயர்குடியினரின் கலை 'சாஸ்திரியம்' எனப்பட்டது. நகரத்துத் தொழிலாளியும் கடைச்சிப்பந்தியும் சிறு உத்தியோகத்தனும் காசு கொடுத்துக் கேட்ட கலைக்குப் பெயரே வைக்கப்படவில்லை. ருக்மணி தேவி இப்பெயரற்ற பகுதிக்குரியவர். இதுவே அவர் நமது ஏடுகளில் இடம்பெறாமைக்கான ஆழ்ந்த காரணமென நாம் கருதுகின்றோம்.

பேராசிரியர் கா. சிவத்தம்பி, தமிழர் சாதி வேறுபாடின்றி ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதற் களமாகச் சினிமாக் கொட்டகையைக் காட்டினார். வணிகக் கலையின் உள்ளடக்கத்தை ஏற்காமலே அதன் சமூகப் பணியை ஆராயலாம் என்பதற்கு அவ்வணுகுமுறை வழிகாட்டியது. அதனை நடிகரின் உழைப்பு வரைக்கும் நாம் நீட்டினோமல்லோம்.

6

ருக்மணி தேவியின் கலையை அதன் சொந்த நிலையில் வைத்து மதிப்பிட முயல்வோம். 'கபடி ஆரக்ஷகயா' (1948) முதல் 'தைவயோகய' (1959), 'நளங்கன' (1960) வரையான படங்களில் அவர் பெற்ற பாத்திரங்களிற் பல ஒரே அச்சிலானவை: துன்புறும் நல்லாள். அப்பாத்திரங்களின் வசனத்தில் எதிர்ப்புக்கு இடமில்லை. பாடலிலோ நிலைமை வேறு. நூர்த்தி மேடையில் ஒலிபெருக்கியின் துணையின்றிப் பின்வரிசை வரை எட்டப் பயின்ற தொண்டை அவருடையது. ஒலிவாங்கியின் முன் அத்தொண்டையை அவர் அடக்கினார். வலிமை உள்ளே நின்றது, வெளியே தெளிவு மட்டும் வந்தது. அசைவுகளைக் குறைத்து, சொல்லின் உயிரெழுத்தில் நின்று, துயரைக் கதறலாக்காமல் நிதானமாக்கும் முறை அவருக்கு வாய்த்தது. கதையிற் பாத்திரம் அழும். பாட்டில் அது தன்னைப் பற்றிச் சிந்திக்கும். கதாசிரியர் வழங்காத சுயமரியாதையைப் பாடகி அப்பாத்திரத்துக்கு வழங்கினார் எனலாம்.

நடிப்பும் பாட்டும் ஒருவரிடமே அமைந்த காலத்தின் கலைஞர் அவர் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். தமிழிற் கே. பி. சுந்தராம்பாளும், வட இந்தியாவில் நூர்ஜகானும் சுரையாவும் அவ்வகையினரே. பின்னணிப் பாடல் முறை பரவியபின் உடல் ஒருவருடையதாகவும் குரல் இன்னொருவருடையதாகவும் பிரிந்தன. இது தொழிற் பிரிவினையின் ஒரு கட்டம்; அதனால் உற்பத்தி விரைவுற்றது, கலைஞரின் முழுமை குறைந்தது.

சுந்தராம்பாளுடனான ஒப்பீடு மேலும் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கும். இலங்கை மேடைகளிலும் பாடிப் புகழீட்டிய சுந்தராம்பாள், 1935 இல் 'பக்த நந்தனார்' படத்துக்காக ஓரிலட்சம் ரூபா ஊதியம் பெற்றார்; காங்கிரஸ் மேடைகளிற் பாடினார்; பிற்காலத்திற் சென்னை மாகாணச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். அவருடைய குரலுக்குப் பின்னால் ஒரு தேசிய இயக்கமும் பக்தி மரபும் நின்றன. ருக்மணி தேவிக்கு அத்தகைய பின்பலம் இருக்கவில்லை. பிறப்பால் தம்முடையதல்லாத மதத்தையும் மொழியையும் பாடிய அவருக்குக் கேட்போர் இருந்தனர். உரிமையோடு தாங்கும் இயக்கம் எதுவுமில்லை.

மலைநாட்டிலேயே இன்னொரு பெண்குரலும் அக்காலத்தில் எழுந்தது. தொழிற்சங்கவாதி கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மை, தோட்டத் தொழிலாளரின் கூட்டங்களிற் பாடினார்; தாம் இயற்றிய பாடல்களை 1940 இல் நூலாகவும் வெளியிட்டார். ருக்மணி தேவியின் இசைத்தட்டுகள் நகரத்து வீடுகளிற் சுழன்ற அதே ஆண்டுகள் அவை. ஒருவர் சந்தைக்குப் பாடினார். மற்றவர் சங்கத்துக்குப் பாடினார். முன்னவரின் குரல் பதிவாகியது, அவர் என்ன எண்ணினார் என்பது பதிவாகவில்லை. பின்னவரின் எண்ணம் அச்சாகியது, அவர் குரல் நமக்கு எட்டவில்லை. பெண்ணின் குரலையும் கருத்தையும் ஒருசேரப் பேணும் அமைப்பு அன்று எவரிடமும் இருக்கவில்லை. முதலாளியிடமும் இல்லை, தொழிற்சங்கத்திடமும் இல்லை.

7

பிற்காலத்தில் ருக்மணி தேவியின் திரை வாய்ப்புகள் குறைந்தன. சுவை மாறியது, புதிய நடிகையரும் புதிய பாடகியரும் வந்தனர். இசைநிகழ்ச்சி மேடைகளே அவருக்கு வாழ்வாதாரமாயின. 'இலங்கையின் குயில்' எனப் போற்றப்பட்டவர் தம் ஐம்பதுகளிலும் ஊரூராகச் சென்று இரவு மேடைகளிற் பாட வேண்டியிருந்தது. 1978 ஒக்ரோபர் 28 ஆம் திகதி, மாத்தறையில் இசைநிகழ்ச்சியொன்றிற் பாடித் திரும்பும் வழியில், ஜாஎலவுக்கு அண்மையிலுள்ள துடெல்லையில் வாகன விபத்தில் உயிரிழந்தார். அப்பொழுது அவருக்கு வயது 55. நீர்கொழும்பில் நிகழ்ந்த இறுதிச் சடங்குக்கு மக்கள் பெருந்திரளாக வந்தனர். அவருக்கு அங்கே சிலையும் எழுப்பப்பட்டது. உயிரோடிருந்தபோது ஓய்வூதியமோ தொழிற் பாதுகாப்போ அற்றிருந்த ஒரு தொழிலாளி, வேலை முடித்து வீடு திரும்பும் வழியில் இறந்தார் என்று இம்மரணத்தை விளங்கிக்கொள்வதே நேர்மையானது.

அவர் மறைந்து ஐந்தாண்டு நிறையுமுன், 1983 யூலையில், ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையாயிற்று. தமிழரான கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான அந்த ஸ்ரூடியோவோடு எரிந்தவை சிங்களப் படங்களின் மூலச்சுருள்கள். சிங்களப் படங்களை நெறியாண்ட கே. வெங்கட் அதே நாட்களிற் கொல்லப்பட்டார். தமிழர் சொத்தை எரிக்க வந்தோர் சிங்களக் கலையின் நினைவையே எரித்தனர். கலப்பாற் பிறந்த ஒரு கலையிலிருந்து ஓரினத்தை மட்டும் வெட்டியெடுக்க முயன்றால் என்ன எஞ்சும் என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டியதில்லை.

8

2023 இல் ருக்மணி தேவி பிறந்து நூறாண்டு நிறைந்தது. அவரை மீட்டெடுத்தல் என்பது தமிழர் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பதாக முடியலாகாது. நாம் செய்யவேண்டியது அளவுகோலைத் திருத்துவது. மரபு, சாஸ்திரியம் என்னும் இரண்டு தலைப்புகளுக்கும் வெளியே, உழைக்கும் நகரத்து மக்கள் கேட்ட கலையை அதன் தொழில் உறவுகளோடும் இசை இலக்கணத்தோடும் ஆராயும் முறையொன்று நமக்குத் தேவை. நூர்த்தியையும் இசை நாடகத்தையும் ஒருங்கே வைத்து நோக்கும் ஆய்வுக்குத் தமிழும் சிங்களமும் அறிந்த மாணவர் வேண்டும். அத்தகையோர் பேராதனையில் இன்றும் உளர். கண்டியையும் அதன் சுற்றூர்களையும் சேர்ந்த முதியோரிடம் எஞ்சியுள்ள இசைத்தட்டுகளும் நினைவுகளும் அழிவதற்கு முன்னர் திரட்டப்படல் வேண்டும். மீனாட்சியம்மையையும் ருக்மணி தேவியையும் ஒரே அத்தியாயத்தில் எழுதத் துணியும் இலக்கிய வரலாறும் வேண்டும்.

றம்பொடைப் பாதையிற் செல்லும் பேருந்துகளில் இன்றும் சிங்களப் பாட்டும் தமிழ்ப் பாட்டும் மாறி மாறி ஒலிக்கின்றன. பிரயாணிகளுக்கு அதில் வியப்பொன்றுமில்லை. அவர்கள் இயல்பாக ஏற்றுக்கொண்டதை ஆராய்ச்சியாளர் இன்னும் ஏற்காதிருப்பது நமது துறையின் குறையே. அக்குறையை முதலில் நாமே ஒப்புக்கொள்வது நன்று.